குலசேகரத்திலிருந்து சென்னைக்கு: எம்.எஸ்சி. சேர்வதற்கு முன் கல்லூரி பார்த்த நாலு நாள் – ஒரு நிகழ்வு ஆய்வு

என் அக்கா மகள் இப்போது சென்னையில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சேர்வதற்கு முன்னால், பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் ஓடிக்கொண்டிருந்த பிப்ரவரிக் கடைசியில், நானும் அவளும் ரயிலேறிப் போய் மூன்று கல்லூரிகளை நேரில் பார்த்துவிட்டு வந்தோம். என்ன பார்த்தோம், எதை வைத்து முடிவெடுத்தோம், எங்கே கோட்டை விட்டோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதற்கப்புறம் இந்தப் பக்கம் யார் பிள்ளையை மேல்படிப்புக்கு அனுப்பினாலும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் போனில் பாதிக் கதைதான் சொல்ல முடிகிறது. கல்லூரிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு நாள் போய் எட்டிப் பார்த்ததை வைத்து ஒரு கல்லூரிக்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ எழுத எனக்கு என்ன உரிமை? வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்களையே இங்கேயும் போடுகிறேன்: கண்ணாடிக் கல்லூரி, வேப்பமரக் கல்லூரி, பழைய கட்டடம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பேராசிரியர் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் 19 வருஷமாக உதவியாளர். பியூரெட் கழுவுவது, ஆசிட்டை நீர்க்கச் செய்து பாட்டிலில் ஊற்றி வைப்பது, பிராக்டிகல் தேர்வுக்கு உப்புகளைப் பொட்டலம் கட்டி நம்பர் போடுவது, இதுதான் என் வேலை. பாடம் நடத்தத் தெரியாது. ஆனால் ஒரு லேபுக்குள் காலெடுத்து வைத்தால், அங்கே வேலை நடக்கிறதா, இல்லை வருகிறவர்களுக்குக் காட்டத் துடைத்து வைத்திருக்கிறார்களா என்பது என் மூக்குக்கே தெரிந்துவிடும்.

ஏன் வேதியியல், ஏன் சென்னை

அத்தானுக்குக் குலசேகரம் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர் உண்டு. பிள்ளை சின்ன வயதிலிருந்து ரப்பர் பாலை ஷீட்டாக்கிப் புகையில் உலர்த்துகிற புகைப்புரைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். காலையில் வெட்டி எடுத்த பாலை வடிகட்டித் தண்ணீர் சேர்த்துத் தட்டில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் கொஞ்சம் விட்டால் கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். "ஏன் மாமா உறையுது?" என்று ஆறாம் வகுப்பில் என்னைக் கேட்டாள். தயிர் உறைகிற மாதிரிதான் மக்ளே என்று சொல்லித் தப்பித்தேன். பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் அவளே வந்து எனக்குப் பாடம் எடுத்தாள்: பாலில் மிதக்கிற ரப்பர் துகள்கள் எல்லாம் மேலே எதிர் மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன, ஆசிட் போய் அந்தச் சுமையைத் தீர்த்துவிட்டால் தள்ள ஆளில்லாமல் ஒட்டிக்கொள்கின்றன, அம்மோனியா ஊற்றினால் பால் கெடாமல் நிற்பதும் இதோடு சேர்ந்த கதைதான். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவள் பி.எட். படித்து வீட்டுப் பக்கத்தில் டீச்சராகும் ஆள் இல்லை என்று. பாலிமர் (ரப்பர், பிளாஸ்டிக் மாதிரி நீளச் சங்கிலி மூலக்கூறுகள்) படிக்க வேண்டும், அதுதான் அவள் கணக்கு.

இங்கேயே படிக்க இடமில்லையா என்றால், உண்டு. 1893-லேயே கல்லூரியாகிவிட்ட ஸ்காட் கிறித்தவக் கல்லூரி இருக்கிற நாகர்கோவில் இது. மார்த்தாண்டத்திலும் கல்லூரி இருக்கிறது, திருநெல்வேலி போனால் 1990-ல் வந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊரில் படிப்பது எந்த விதத்திலும் மட்டம் இல்லை, நானே அப்படியொரு லேபில்தான் சோறு தின்கிறேன். திருவனந்தபுரத்தையும் யோசித்தோம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் அந்தப் பக்கத்தவர்கள்தானே, இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் கால் தானாக வடக்கே திரும்பாமல் மேற்கேதான் திரும்புகிறது. ஆனால் தமிழ்நாட்டு இடஒதுக்கீடு அங்கே செல்லாது. அவளுக்கு வேண்டியது பாலிமர் விருப்பப்பாடமும், கருவிகளைத் தன் கையால் ஓட்டக் கிடைக்கிற ஒரு லேபும். இரண்டும் சேர்ந்து கிடைக்க வாய்ப்பு அதிகம் சென்னையில்தான் என்று அவளுடைய மேடம் சொன்னார். ஐஐடிக்கான ஜாம் தேர்வையும் எழுதினாள், எழுதிவிட்டு வந்த முகத்தைப் பார்த்தே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கிளம்புவதற்கு முன்

அத்தானுக்கு எந்தச் செலவையும் ரப்பர் ஷீட் கிலோவாக மாற்றித்தான் புரியும். ரயில், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ரெண்டு பேருக்கு 7,400 ரூபாய் ஆகும் என்றதும், "நாப்பது கிலோ ஷீட்டு" என்றார். அதுவும் அது மரம் இலை உதிர்த்து வெட்டு நின்றிருந்த நேரம், கையில் காசு புரளாத மாதம். "போன் போட்டுக் கேட்டா சொல்ல மாட்டாவளா? இதுக்கு ஏன் ரெண்டு பேரு 700 கிலோமீட்டர் போணும்?"

போன் போட்டோம், அத்தான் சொன்னதற்காகவே. மூன்று இடத்திலும் ஒரே பதில்தான் வந்தது. எல்லாக் கருவியும் இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, பிளேஸ்மெண்ட் இருக்கிறது. இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. அந்தப் பதிலைக் கேட்டதும்தான் நேரில் போயே ஆக வேண்டும் என்று எனக்குப் பட்டது. கருவி இருப்பது வேறு, அதில் மாணவர் கை படுவது வேறு. எங்கள் கல்லூரியிலேயே ஒரு கருவி வந்து இறங்கி, நாடா வெட்டி, போட்டோ எடுத்து, அப்புறம் ஸ்டெபிலைசர் வாங்க ஆணை வரவில்லை என்று ஒன்றே முக்கால் வருஷம் போர்வை போர்த்திக் கிடந்தது எனக்குத் தெரியும்.

இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தேன். ஒன்று, கல்லூரியைச் சுற்றிக் காட்டுகிற நாள் என்று அவர்களே அறிவிக்கிற நாளில் போகக் கூடாது. கல்யாண வீட்டைப் பார்த்து அந்த வீட்டில் தினமும் பாயசம் என்று நினைத்துக்கொள்வது போலாகிவிடும். செவ்வாய் முதல் வெள்ளி வரை, பிராக்டிகல் வகுப்பு நடக்கிற சாதாரண நாட்களில் போக வேண்டும். மே மாதம் போனால் விடுமுறையில் காலிக் கட்டடத்தைத்தான் பார்க்கலாம், அதனால்தான் பிப்ரவரி. இன்னொன்று, படிக்கப் போகிறவள் கூட வர வேண்டும், உள்ளே போனபின் கொஞ்ச நேரமாவது நான் அவளோடு இருக்கக் கூடாது. மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் எந்த சீனியரும் உண்மையைச் சொல்ல மாட்டாள்.

இன்னொரு முன்னெச்சரிக்கை, என் கூட வேலை பார்க்கும் ஒருவர் பட்ட பாட்டிலிருந்து கற்றது. அவர் மகனை மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் சேர்க்க விசாரிக்கப் போகிறேன் என்று நேராகச் சேப்பாக்கம் போய் இறங்கி, கடற்கரை வெயிலில் கட்டடம் கட்டடமாக அலைந்திருக்கிறார். 1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், பெயர் ஒன்றானாலும் இருப்பது பல இடத்தில். சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி என்று துறைகள் பிரிந்து கிடக்கின்றன. பாலிமர் அறிவியல் உட்பட வேதியியல் சம்பந்தப்பட்டது எல்லாம் கிண்டி வளாகத்தில். "சென்னையில் இன்ன பல்கலைக்கழகம்" என்று முகவரி எழுதிக்கொண்டு போகாதீர்கள், "இன்ன துறை, இன்ன வளாகம்" என்று எழுதிக்கொண்டு போங்கள்.

சாயங்காலம் நாகர்கோவிலில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகிற நேரத்தில் தாம்பரத்தில் இறங்கினோம். பெருங்களத்தூரில் அத்தானின் சித்தப்பா மகன் வீடு இருக்கிறது. அவர்களுக்கு அக்கா கட்டிக் கொடுத்த முந்திரிக்கொத்தும் ஒரு சீப்பு மட்டிப்பழமும்தான் நாலு நாள் தங்கியதற்கு வாடகை.

கண்ணாடிக் கல்லூரி

ஊருக்கு வெளியே, பஸ்ஸை விட்டு இறங்கினதும் கண் கூசுகிற கட்டடம். வாசலில் செக்யூரிட்டி பெயர் எழுதி வாங்கினார், உள்ளே போனதும் ஏசி அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். வரவேற்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஊரில் பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு உபசாரம் கிடைக்காது. கோட் போட்ட ஒரு தம்பி மடிக்கணினியில் படம் காட்டினார். லேபைப் பார்க்கலாமா என்றேன். இதோ சார் என்று அழைத்துப் போனார்.

லேப் பளபளவென்று இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கருவிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயர்ப் பலகை. யூவி இருக்கிறது, ஐஆர் இருக்கிறது (புற ஊதா, அகச்சிவப்பு ஒளியை வைத்துப் பொருளை ஆராய்கிற கருவிகள்), இன்னும் எனக்கே பெயர் தெரியாத ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணி, ஒரு வாசனையும் இல்லை. வேதியியல் லேபில் வாசனை இல்லை என்றால் அது சமையல் நடக்காத அடுக்களை. மேசை மீதிருந்த டெசிக்கேட்டரை (பொருள்களை ஈரம் படாமல் வைக்கிற மூடிய பாத்திரம்) எட்டிப் பார்த்தேன், உள்ளே இருந்த சிலிக்கா ஜெல் முழுக்க இளஞ்சிவப்பு. நீலமாக இருந்தால் அது ஈரத்தை இழுக்கத் தயாராக இருக்கிறது, இளஞ்சிவப்பானால் குடிக்க வேண்டிய ஈரத்தையெல்லாம் குடித்து முடித்துவிட்டது, ஓவனில் வைத்துச் சூடாக்கினால் திரும்ப நீலமாகிவிடும். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேர வேலையைச் செய்ய யாருக்கும் தேவை வரவில்லை என்றால் அந்த டெசிக்கேட்டரை யாரும் திறப்பதில்லை.

"லாக் புக் எங்கே?" என்று கேட்டேன். தம்பிக்குப் புரியவில்லை. கருவி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும், யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன சாம்பிள் ஓட்டினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அது ஆபீஸ் ரூமில் இருக்கும் சார் என்றார். ஆபீஸ் ரூமில் இருக்கிற லாக் புக்கில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் பிள்ளை சொன்னாள்: "மாமா, இது நம்ம நகைக்கடை மாதிரி இருக்கு. எல்லாம் கண்ணாடிக்குள்ள."

வேப்பமரக் கல்லூரி

புதன்கிழமை. பெண்கள் கல்லூரி, உள்ளே போனால் நகரத்துச் சத்தம் கேட்காது, எங்கு பார்த்தாலும் வேப்பமர நிழல். இங்கே மேடங்கள் நிதானமாகப் பேசினார்கள், துறைத் தலைவர் தன் வகுப்பு முடிந்து வந்து அரை மணி நேரம் எங்களுக்காக ஒதுக்கினார். ஹாஸ்டல் சுத்தம். கேட் மூடுகிற நேரம், வீட்டுக்கு போன் பண்ணுகிற ஏற்பாடு, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், எல்லாம் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் ஊருக்குத் திரும்பியதும் அக்கா கேட்கப் போவது இதைத்தான். சாப்பாட்டில் தேங்காய் எண்ணெய் வாசனையே வராது என்பது மட்டும் குறை, அது சென்னை முழுக்க உள்ள குறை, கல்லூரியைச் சொல்லிப் பயனில்லை.

லேபில் பிராக்டிகல் நடந்துகொண்டிருந்தது. நல்ல விஷயம். கருவி அறை பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவர் லீவு. சரி, யாருக்கும் லீவு வரும். அப்போதுதான் பிள்ளைக்கு ஒரு யோசனை வந்தது, இந்த யோசனை என்னுடையது இல்லை, அவளுடையதே. நூலகத்துக்குப் போய்ப் பழைய எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் அறிக்கைகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நாலாவது செமஸ்டரில் எல்லோரும் ஒரு ப்ராஜெக்ட் செய்து பைண்ட் பண்ணிக் கொடுப்பார்களே, அது அலமாரியில் வரிசையாக இருக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள், யாரும் கேட்பதில்லை என்பதால் நூலகர் கொஞ்சம் சந்தோஷமாகவே எடுத்துத் தந்தார்.

அவள் பார்த்தது ஆய்வு முடிவுகளை இல்லை, நன்றியுரைப் பக்கத்தை. கடவுளுக்கு நன்றி, அப்பா அம்மாவுக்கு நன்றி எல்லாம் தாண்டினால் கீழே ஒரு வரி வரும், இன்ன அளவீட்டை எடுத்துத் தந்த இன்ன நிறுவனத்துக்கு நன்றி என்று. மூலக்கூறின் அமைப்பைக் காட்டுகிற என்எம்ஆர் அளவீட்டை வெளியில் எடுத்திருந்தால் அதில் தப்பே கிடையாது. திரவ ஹீலியம் ஊற்றிக் காந்தத்தைக் குளிர வைக்க வேண்டிய கருவி அது, எல்லாக் கல்லூரியாலும் வைத்துக் காப்பாற்ற முடியாது. ஐஐடி மெட்ராஸில் சைஃப் என்று ஒரு பொதுக் கருவி மையம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் வெளியார் சாம்பிளையும் ஓட்டித் தருவார்கள், எங்கள் கல்லூரியிலிருந்தும் அனுப்பியிருக்கிறோம். ஆனால் யூவியும் ஐஆரும்கூட வெளியில் எடுத்ததாக வரிசையாக ஆறு அறிக்கையில் போட்டிருந்தால்? பூட்டிய அறையின் சாவிக்காரர் லீவு என்பது அன்றைக்கு மட்டும் நடந்தது இல்லையோ என்று சந்தேகம் வருமா வராதா?

சீனியர்களிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தவள், "நல்லாப் பாத்துக்கிடுதாவ மாமா, மெஷினைத் தொட விட மாட்டாவளாம், டெமோ மட்டும் காட்டுவாவளாம்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள்.

பழைய கட்டடம்

வியாழக்கிழமை. நகரத்துக்குள், காரை பெயர்ந்த சுவர். வேதியியல் துறைக்கு ஏறுகிற படிக்கட்டு நடுவில் குழிந்து போயிருந்தது. பாதிப் படியிலேயே அசிட்டோன் வாசனை வந்தது, எனக்கு ஊரில் இருப்பது போல் ஆகிவிட்டது. கேட்காமல் உள்ளே நுழைந்தோம், யாரும் தடுக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை.

மேசையெல்லாம் ஆசிட் பட்டுக் கறுத்திருந்தது. ஆவியை வெளியே இழுத்துவிடுகிற ஃபியூம் ஹூட் இரண்டில் ஒன்றின் மின்விசிறி பொறியில் அகப்பட்ட பூனை மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. ஆனால் யூவி கருவிக்குப் பக்கத்தில், கயிறு கட்டித் தொங்க விட்ட பேனாவோடு, முனை மடிந்த ஒரு நீள நோட்டு. திறந்தேன். கடைசிப் பதிவு முந்தின நாள் மாலை 4.20. அதற்கு மேலே அதே நாளில் இன்னும் மூன்று. பக்கத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன், ஆராய்ச்சி மாணவர்கள் மட்டுமில்லை, பெயருக்குப் பக்கத்தில் இரண்டாம் ஆண்டு எம்.எஸ்சி. என்று எழுதினவர்களே நிறையப் பேர். ஒரு பக்கத்தில் யாரோ ஓரத்தில் "விளக்கு மங்குகிறது, மாற்ற வேண்டும்" என்று எழுதி, வேறு கையெழுத்தில் "மாற்றியாச்சு" என்று பத்து நாள் கழித்த தேதி. அந்த 'மாற்றியாச்சு'வைப் பார்த்த நிமிஷமே என் மனசில் முடிவாகிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அங்கே இருந்த லேப் உதவியாளரைத் தேடிப் பிடித்தேன். நானும் இதே வேலைதான் என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பேராசிரியர்களிடம் ஒரு மணி நேரம் பேசினால் கிடைக்காதது இவரிடம் பத்து நிமிஷத்தில் கிடைத்தது. "டிஸ்டில்டு வாட்டர் யூனிட் காயில் போய் மூணு மாசம் ஆகுது சார். பசங்க பக்கத்து டிபார்ட்மெண்ட்ல போய் கேன்ல பிடிச்சிட்டு வர்றாங்க. கம்ப்ளெயிண்ட் குடுத்துக்கிட்டே இருக்கோம்." இதை என்னிடம் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பியூரெட்டை இரண்டு பேர் பகிர வேண்டியிருக்கும், பேலன்ஸ் மூன்றில் ஒன்று நம்ப முடியாது, சாயங்காலம் ஆறு வரை லேப் திறந்திருக்கும், சாவி தன்னிடம்தான், அவசரமென்றால் ஏழு. எல்லாம் சொன்னார்.

பிள்ளை இதற்குள் கேண்டீனில் நாலு பேரைப் பிடித்திருந்தாள். அவள் ஒரு துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: ப்ராஜெக்ட் கைடை நாமே கேட்டு வாங்கலாமா, அவர்களாகப் பிரித்துப் போடுவார்களா? விருப்பப்பாடம் என்று தாளில் இருப்பது எல்லா வருஷமும் நடத்தப்படுகிறதா, ஆள் சேராவிட்டால் நிறுத்திவிடுவார்களா? போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், பெயரோடு சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்விக்குக் கண்ணாடிக் கல்லூரியில் சதவீதம் சொன்னார்கள். இங்கே சதவீதம் தெரியவில்லை, ஆனால் ஒரு அக்கா மருந்துக் கம்பெனியில், ஒரு அண்ணன் நெட் தகுதித் தேர்வு எழுதிவிட்டு ஆராய்ச்சிக்குக் காத்திருக்கிறான், ஒருத்தி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள், இன்னொருத்தன் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான் என்று ஆள் ஆளாகச் சொன்னார்கள்.

ஹாஸ்டல்தான் இடித்தது. இடம் குறைவு, முதல் வருஷத்தில் கிடைப்பது சந்தேகம், வெளியே பி.ஜி.யில்தான் இருக்க வேண்டி வரும் என்றார்கள். (சென்னையில் படிப்புக்கும் பி.ஜி., தங்குகிற இடத்துக்கும் பி.ஜி. போனில் அக்காவிடம் "பி.ஜி. கிடைக்குமான்னு தெரியல" என்று சொன்னதில் சீட்டே கிடைக்கவில்லை என்று அங்கே ஒரு மணி நேரம் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.)

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும், ஊரில் பலருக்கு இது சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. ஒரே கல்லூரி, ஒரே பட்டம், ஆனால் உள்ளே இரண்டு கடை. ஒன்று அரசு உதவி பெறும் பிரிவு, இன்னொன்று சுயநிதிப் பிரிவு. பல இடத்தில் காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் என்றும் பிரிந்திருக்கும். எங்களுக்குச் சொன்ன தொகையில், உதவி பெறும் பிரிவின் கட்டணம் சுயநிதியில் நாலில் ஒரு பங்கு. கட்டணம் மட்டுமில்லை, ஆசிரியர்களும் வேறாக இருக்கலாம், லேப் கிடைக்கிற நேரமும் மாறலாம். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறோம் என்று பார்த்துப் போட வேண்டும். அரசுக் கலைக் கல்லூரி என்றால் அது இன்னொரு வழி, அதற்கு மாநில அரசின் பொது இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஊருக்கு ரயில். ரயிலுக்கு முன்னால், நாலரை மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் பழைய கட்டடத்துக்கு மறுபடியும் போனோம். லேபில் விளக்கு எரிந்தது. இரண்டு பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எதையோ காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். லேபில் செருப்பில்லாமல் நிற்பது தப்பு, எங்கள் லேபாக இருந்தால் கத்தியிருப்பேன். ஆனாலும் நாலரை மணிக்கு இரண்டு பேர் நிற்கிறார்களே.

வீட்டுப் பஞ்சாயத்து

ஞாயிற்றுக்கிழமை மரச்சீனியும் சாளைக் குழம்பும் வைத்துக்கொண்டு பேசினோம். அக்கா ஒரே பிடியாக வேப்பமரம். "பொம்பளப் பிள்ளை, தெரியாத ஊரு, ராத்திரி காய்ச்ச வந்தா லாக் புக்கா வந்து பாக்கும்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அக்கா கேட்டது சரியான கேள்வி. அத்தான் மூன்று கட்டணத்தையும் கிலோவாக மாற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் கல்லூரியை அந்த இடத்திலேயே தள்ளிவிட்டார், பழைய கட்டடம் உதவி பெறும் பிரிவில் கிடைத்தால் சரி, சுயநிதி என்றால் யோசிக்கணும் என்றார். பிள்ளை கடைசி வரை பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "எனக்கு மெஷினைத் தொடணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டுக்கும் விண்ணப்பித்தோம். வேப்பமரத்தின் பட்டியல் முதலில் வந்தது, பெயர் இருந்தது. பழைய கட்டடத்தின் முதல் பட்டியலில் இல்லை. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. கையிலிருக்கிற சீட்டை விட முடியாது, பணம் கட்டியாக வேண்டும், அசல் சான்றிதழ்களையும் கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு ஒன்று இருக்கிறது. அதன்படி கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விலகினால் பணத்துக்கும் அதில் கணக்கு உண்டு: அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் ஒரு சின்னப் பிடித்தம் போக முழுதும் திரும்ப வரும், நாள் தள்ளத் தள்ளப் பங்கு குறையும், கடைசித் தேதி தாண்டி 30 நாளுக்கு மேல் ஆனால் ஒன்றும் கிடையாது. இதன் நகலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் பணம் கட்டப் போனேன். அசலைக் காட்டினோம், நகலைக் கொடுத்தோம், அசலைக் கையோடு கொண்டு வந்தோம்.

இரண்டாவது பட்டியலில் பழைய கட்டடம், உதவி பெறும் பிரிவிலேயே வந்தது. அன்றைக்கே விலகல் கடிதம் எழுதி, தேதி போட்டு, பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை வாங்கினேன். பணம் திரும்ப வர மூன்று மாதம் ஆனது, நாலு தடவை போன். வந்துவிட்டது.

எங்கே கோட்டை விட்டோம்

ஹாஸ்டல் முதல் வருஷம் கிடைக்கவில்லை, எதிர்பார்த்ததுதான். பி.ஜி. எடுத்தோம். பி.ஜி.யிலிருந்து கல்லூரிக்குப் போகிற வழியில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகச் சாலையை மாற்றி விட்டிருந்தார்கள், வரைபடத்தில் இருபது நிமிஷம் என்று காட்டுகிற தூரத்துக்கு முதல் செமஸ்டர் முழுக்க முக்கால் மணி நேரம் ஆனது. நாங்கள் கல்லூரியைக் கல்லூரியாக மட்டுமே போய்ப் பார்த்தோம், காலை எட்டரை மணிக்கு ஒரு தடவை அந்த வழியில் பஸ் ஏறிப் பார்க்கவில்லை. நாலு நாளில் ஒரு காலையை அதற்கு ஒதுக்கியிருக்கலாம். லேபை மூக்கால் பார்த்தவன் ரோட்டைக் கண்ணால் பார்க்கவில்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

பெரிய தப்பு வேறு. அவள் அந்தக் கல்லூரியைப் பிடித்ததற்கு லாக் புக் பாதிக் காரணம், மீதிப் பாதி அங்கே பாலிமர் நடத்துகிற ஒரு பேராசிரியர். வியாழக்கிழமை அவரோடு அவள் இருபது நிமிஷம் பேசினாள், ரப்பர் பாலைப் பற்றி அவர் கேட்க இவள் சொல்ல, இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். அவ்வளவு கேள்வி எழுதிக்கொண்டு போனோமே, "உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு சார்?" என்று கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவள் முதலாண்டு முடிக்கிறபோது அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பாலிமர் விருப்பப்பாடம் அந்த வருஷம் ஆள் இல்லை என்று நின்றது. இப்போது வேறொரு மேடத்திடம், தேங்காய்ச் சிரட்டைக் கரியை வைத்துச் சாயத் தண்ணீரிலிருந்து நிறத்தை உறிஞ்ச வைக்கும் வேலை. மோசமான வேலை இல்லை, யூவியில் தினமும் அவளே ஓட்டுகிறாள், லாக் புக்கில் அவள் பெயர் பக்கத்துக்கு மூன்று தடவை வருகிறது. ஆனால் "சென்னை வரை வந்து சிரட்டையா மாமா, அது நம்ம வீட்டுப் பின்னாலயே கெடக்கே" என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினாள்.

போன மாதம் அவளே ஒரு வழி யோசித்திருக்கிறாள். அடையாற்றில் 1948 முதல் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், பெயர் தோல் என்றிருந்தாலும் உள்ளே பாலிமர் வேலையும் நடக்கிறது. ப்ராஜெக்டில் ஒரு பகுதியையாவது அங்கே போய்ச் செய்ய முடியுமா என்று மேடத்திடம் கடிதம் வாங்கி அனுப்பியிருக்கிறாள். கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் வந்தால் சொல், நான் ஒரு நாள் வந்து அந்த லேபையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"வேண்டாம் மாமா, நான் பாத்துட்டேன். ஜெல் நீலமாத்தான் இருக்கு" என்றாள்.